தகுதி நிபந்தனைகள்

கல்லூரியின் இரண்டாம் மாடியில்
மார்லீன் என் பக்கம் ஒரு படிவத்தை நகர்த்தினாள்.
வெளியே எட்மண்டனில் மைனஸ் இருபத்தேழு.
தொப்பியிலிருந்து உருகிய பனி
முதல் பக்கத்தில் சொட்டாய் விழ,
கைக்குட்டையால் ஒற்றினேன்.
அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். நல்லவள்.

பெயர்?
தர்மினி.
குடும்பப் பெயர்?
கடவுச்சீட்டின்படி சிவக்கொழுந்து.
அது அவளுடைய அப்பா,
பருத்தித்துறையில் பஸ் கண்டக்டர்,
ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசன்.
'சிவக்கொழுந்து புலமைப்பரிசில்' என்று
மண்டபத்தில் வாசித்தால்
மேலே இருந்து விசில் ஊதுவார்.
வெறும் தர்மினி என்று போடுங்கள் என்றேன்.

தொகை?
காப்புறுதிக்காரர் தந்ததில்
கடனும் செத்தவீட்டுச் செலவும் போக மிச்சம்.
எடுத்துச் செலவழிக்கவும் கை வரவில்லை,
வங்கியில் விட்டு வட்டி பார்க்கவும் கண் வரவில்லை.

குறைந்தபட்சப் புள்ளி?
எல்லோரும் எண்பது என்றுதான் போடுவார்களாம்.
அவளுடைய கடைசி அறிக்கை
என் சட்டைப்பையில் இருந்தது.
கணிதம் அறுபத்தொன்று.
உலோகவியல் ஐம்பத்தெட்டு.
வெல்டிங் செய்முறை மட்டும் தொண்ணூற்றாறு,
பக்கத்தில் ஆசிரியர் கையால் ஓர் ஆச்சரியக்குறி.
இரவெல்லாம் முதியோர் இல்லத்தில்
படுக்கை மாற்றிவிட்டு
காலை எட்டு மணி வகுப்பில்
பின்வரிசையில் தலை சாய்பவளுக்கு
எண்பது எங்கிருந்து வரும்?
அவள் பேரில் வைக்கிற பரிசு
அவளுக்கே கிடைக்காதே என்றேன்.

மார்லீன் பேனையை மூடி வைத்தாள்.
வகுப்பில் தூங்குபவருக்கு என்று எழுதலாமா?
அளக்கக்கூடியதாய் இருக்கவேண்டுமாம்.
கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை
அளக்க ஒரு கோல் இல்லையா இந்த நாட்டில்?
கடைசியில் இருவருமாய் எழுதினோம்:
இரவு வேலை செய்வதற்கு
முதலாளியின் கடிதம் இணைக்கவும்.

எதற்குப் பயன்படுத்தலாம்?
கட்டணம், நூல்கள், உபகரணம், ஏனையவை.
நான்கு பெட்டிகள்.
முதலாவதிலேயே பேனை நின்றுவிட்டது.

அந்த ஒக்டோபரில்
கையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் காணும்.
கட்டணத்தைக் கட்டு,
டயரை அடுத்த மாதம் பார்ப்போம்.
சொன்னது நான்.
நவம்பர் ஒன்பது. வைட்மட் சாலை. கறுப்புப் பனி.
மிச்சம் பொலிஸ் அறிக்கையில் இருக்கிறது.

மூன்று பெட்டியில் சரி போட்டேன்.
நாலாவதை விட்டேன்,
கை அவ்வளவுதான் போனது.

அடுத்த மார்கழியில் ஒரு கடிதம்.
ஹிவோட் என்ற பெண். எத்தியோப்பியா.
இரவில் பேக்கரி, பகலில் குழாய் பொருத்தும் படிப்பு.
நன்றி, நன்றி என்று அரைப்பக்கம்.
பிறகு எழுத்து சிறுத்துப்போயிருந்தது:
'ஐயா, மன்னிக்கவேண்டும்.
புத்தகங்களை நூலகத்தில் எடுத்துக்கொண்டேன்.
உங்கள் காசில் குளிர்கால டயர் நான்கு வாங்கிவிட்டேன்.
விதிக்கு மாறென்றால்
தவணையாய்த் திருப்பித் தருகிறேன்.'

சமையலறையில் நின்றபடியே இரண்டுதரம் வாசித்தேன்.
கேத்தில் கொதித்து, தானே அணைந்தது.

காலையில் மார்லீனுக்கு அழைத்து
படிவத்தை இன்னொருதரம் எடுக்கச் சொன்னேன்.
ஒரு பெட்டி விட்டுப்போயிற்று.

ஹிவோட்டுக்கு நாலு தாள் எழுதிக் கிழித்தேன்.
அனுப்பியது இவ்வளவுதான்:
திருப்பித் தரவேண்டாம், பிள்ளை.
குளிருக்கு டயரில் காற்று இறங்கும்.
வாரம் ஒருதரம் பாருங்கள்.