யாரும் அடிபடாத படம்

படம் என்றாலே எனக்குத் தூக்கம்.
ஹட்டன் பஸ்ஸில் கொழும்புவரை
பறக்கும் கார்களுக்கும் பாட்டுகளுக்கும் கீழே
வாய் பிளந்து கிடப்பவன்.

சனிக்கிழமை அடைமழை.
பொகவந்தலாவைக்குப் போகும் ரோட்டில் மரம் விழுந்து,
திரும்பிப் போக முடியாத மச்சினி நிரோஜா
டிவியில் பென்டிரைவைச் செருகினாள்.
"கரண்ட் போகும்வரைதான்" என்றேன்,
போய்விடும் என்ற நம்பிக்கையில்.

ஒருத்தன் கோப்பை கழுவுகிறான்.
கழுவிய கோப்பையை மறுபடி கழுவுகிறான்.
அடுத்த அறையில் அவன் மனைவி
தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
எப்போது அடிப்பான் என்று காத்திருந்தேன்.
அடிக்கவில்லை.
என் பிளேன்டீ தொடாமலே ஆறிப்போனது.

கடைசியில் அவள் எழுந்து வந்து
குழாயை மூடினாள்.
"ஏன் மூடினாள்?"
நிரோஜா கொட்டாவி விட்டாள்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
எங்கள் பீலியடியில் போய் நின்றேன்.
அது மூடவே முடியாத தண்ணீர்.

திங்கட்கிழமை, கொழுந்து மடுவம்.
பதினெட்டு வருஷமாய்த் தராசு முள்ளை மட்டும் பார்த்தவன்
தலையைத் தூக்கினேன்.
முள் பதினாறில்.
"ஈரத்துக்கு ரெண்டு. பதினாலு" என்றது
பழகிய வாய்.
மருதாயி ஒன்றும் சொல்லவில்லை.
இடுப்புப் படங்கை அவிழ்த்து மடித்தாள்.
மடித்ததைப் பிரித்து
மறுபடி மடித்தாள்.

மத்தியானம் நிரோஜாவுக்கு ஃபோன் போட்டேன்.
"அந்த மாதிரி இன்னொன்று இருக்கா?
யாரும் அடிபடாத படம்."

"அதில எல்லாருக்கும் அடிதானே அத்தான்" என்றாள்.