துணைக்கால்

"போனமுறை அடிச்ச பைல் இரிக்கா, புள்ள?"

இருந்தது.
ஒரு கலியாண அழைப்புக்கும்
ஒரு முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கும் இடையில்
நாலு வருசமாய்த் திறக்காமல் கிடந்தது
உறுப்பினர் அழகரெத்தினத்தின்
கொள்கை விளக்கம்.

களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் பின்னால்
எங்கள் அச்சகம்.
மேசையடியில் அவர் செருப்பு விட்ட சேறு
தில்லந்தீவுச் சேறு. எனக்குத் தெரியும்,
காலையில் நானும் அதைத்தான்
குழாயடியில் கழுவிவிட்டு வந்தேன்.

"எல்லாம் அப்படியே கிடக்கட்டும்.
வினையை மட்டும் மாத்து."
'கட்டப்படும்' என்றிருந்த பாலத்தை
'கட்டப்பட்டு வருகின்றது' ஆக்கினேன்.
விரல் ஓய்வதற்குள்
எதிர்காலம் நிகழ்காலமாயிற்று.
அளந்தவர்கள் நட்டுவிட்டுப் போன நாலு கல்லில்
நீர்க்காகங்கள் செட்டை விரித்துக் காய்கின்றன.
இதுவரைக்கும் அதுதான் திறப்பு விழா.

இரண்டாம் பக்கம் ஆத்துவாய்.
மழை பெருத்தால் வெட்டு என்பார் வயற்காரர்.
வெட்டினால் இறாலெல்லாம் கடலோடு என்பார் வலைக்காரர்.
எங்கள் தீவில் இரு சாராரும் உண்டு,
சில வீடுகளில் ஒரே பாயில் படுக்கிறார்கள்.
"ரெண்டு விதமா அடி, புள்ள.
மேற்குத் துறைக்கு,
உரிய காலத்தில் வெட்டப்படும்.
கிழக்குத் துறைக்கு,
உரிய காலம்வரை வெட்டப்படாது."
அடித்து முடித்துத்தான் யோசித்தேன்,
இரண்டும் ஒன்றுதான்.
இதுதான் பொய்யென்று ஒரு சொல்லைக்கூட
விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது.
வெள்ளம் வந்த கார்த்திகையில், நடுச்சாமம்,
வலிகண்ட என் மச்சாளைத் தோணியில் கிடத்தி
நெஞ்சளவு தண்ணீரில்
தள்ளிக்கொண்டே போனவர் இவர்.
பிள்ளைக்கு இப்போது மூன்று வயது.
"அதையும் போடுவமா?" என்று கேட்டேன்.
கண்ணாடியைத் துடைத்தார்.
"அது கொள்கையில்ல, புள்ள."

முதல் பிரதியைக் கையில் கொடுத்தேன்.
தாளை மூக்கோடு பிடித்து வாசித்தவர்
முதலாம் பக்கத்திலேயே நின்றார்.
'தில்லந்தீவுப் பலம் கட்டப்பட்டு வருகின்றது.'
"பாலத்தில கால் ஒண்டு விட்டுப்போச்சே."
"எல்லாக் காலுந்தானே விட்டுப்போச்சு"
என்றது என் வாய்.
முதலாளி இருமினார்.
அழகரெத்தினம் என்னைப் பார்த்தார்,
பிறகு சிரித்தார்,
பிறகு சிரிக்காமல்
முற்பணம் எண்ணினார்.
போனமுறைப் பாக்கியைப் பற்றி
மூவரும் பேசவில்லை.

ஐந்தரைக்குக் கடைசிப் பாதை.
வெளியூர்க்காரர் பாதை எங்கேயென்று
தரையில் தேடுவார்கள்.
எங்களுக்குப் பாதை மிதப்பது,
இரும்புத் தட்டும் பலகையும் கயிறும்.
ஏறியவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்
திரும்பி வந்துவிடும்.
என்னோடு அவரும் நின்றார்.
காலடியில் இரண்டு கட்டு,
சிவப்பு நூல் கிழக்குக்கு, நீல நூல் மேற்குக்கு.
தீவில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கு,
போனமுறை பதினொன்றால் தப்பினவர்.
தனக்குள் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தார்.
இரண்டு கையிலும் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன.

எழுவான்கரை பின்னால் போய்
படுவான்கரை இன்னும் எட்டாத இடத்தில்
எனக்குத் திடீரென்று உறைத்தது.
சிவப்புக் கட்டில் துணைக்கால் போட்டேன்.
நீலக் கட்டில்?

நூலை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.
சொல்லியிருக்கலாம்.
வாவி கறுத்துக்கொண்டு வந்தது,
யாரோ வெங்காயச் சாக்கை நகர்த்தினார்கள்,
எங்கள் வீட்டுக்கு
எந்த நூல் கட்டிலிருந்து தருவாரென்று
யோசித்தபடி நின்றேன்.
மாமனுக்கு வயல். புருசனுக்கு வலை.

துறையில் பாதை வழக்கம்போல் ஒருமுறை இடித்தது.
கயிறு எறிய வேண்டியவன் போனில் இருந்தான்.
சாரத்தை மடித்துக் கட்டி
முழங்கால் தண்ணீரில் முதலில் குதித்து
கட்டையைப் பிடித்து இழுத்தவர்
உறுப்பினர்தான்.