நேர் பஸ் இல்லை

கலர் சார்ட்டர் வந்து இறங்கியபோது
அதன் முகத்தில் துருக்கி எழுதியிருந்தது.
ரீஸே என்கிற ஊரில் பத்து வருஷம் ஓடிய பழசு.
அங்கேயும் மலையாம், தேயிலையாம், ஓயாத மழையாம்.
மேனுவலைக் காணோம்.
"நீதானேம்மா டிப்ளமா, பார்த்துக்கோ" என்றார் மேனேஜர்.

போனில் ஒரு ஆப் இறக்கினேன்.
முதல் பாடம்: கரடி டீ குடிக்கிறது.
இரண்டாவது: கரடி டீ குடிக்கவில்லை.
எனக்கு வேண்டியதோ
சிவப்பு விளக்கு ஏன் அணைய மாட்டேன் என்கிறது என்பது.
அதற்கு எழுபதாம் பாடம்வரை போக வேண்டும் போல.

தமிழிலிருந்து துருக்கிக்கு அதில் வழி கிடையாது,
இங்கிலீஷ் மேலாகத்தான்.
அக்காவைப் பண்ணைக்காட்டில் கொடுத்திருக்கிறோம்,
அவளைப் பார்க்கப் போவதும் இப்படித்தான்.
மலைக்கும் மலைக்கும் பஸ் இல்லை.
அரவேணுவில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி
ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்து
பொள்ளாச்சி, உடுமலை என்று வேர்த்து வழிந்து
பழனி தாண்டி வளைவு ஏறும்போது
கசங்கிய அதே ஸ்வெட்டரை
மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும்.

பெந்தெ பாரா யோக்.
பெந்தெ, என்னிடம். பாரா, பணம். யோக், இல்லை.
வரிசைகூட மாறாமல்
அப்படியே என் மாசக் கடைசி.
ஆனால் ஆப் கேட்பது இங்கிலீஷ்.
இல்லையை முன்னால் இழுத்து
பணத்தைப் பின்னால் தள்ளி
யாரும் கூப்பிடாத ஒரு "நான்" தலையில் வைத்து
அனுப்பினால்தான் பச்சை டிக்.

புள்ளியில்லாத ஒரு ஐ இருக்கிறது அவர்களிடம்.
சிரிக்கிற வாயோடு உ சொல்லச் சொல்லி
ஒரு பெண்குரல் விடாமல் படுத்தியது.
மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது:
"ஃபியூசு போச்சு" என்று கத்தும்போதெல்லாம்
சொல்லின் கடைசியில்
எனக்குத் தெரியாமல் அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

வார் என்றால் இருக்கிறது.
ஸிஸ் வார், மூடுபனி இருக்கிறது.
என் காது அதை "வருது" என்றே வாங்கியது.
பெரிய தப்பில்லை.
பேக்டரி ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரியும்,
அதற்கு இருப்பதும் வருவதும் ஒன்றுதான்.

ராத்திரி ஒன்றரைக்கு மெஷின் நின்றது.
திரையில் ஒரே சொல், மின்னி மின்னி:
பெக்லெயினிஸ்.
காத்திருங்கள்.
வாலில் தொங்கும் அந்த இனிஸ் மரியாதைக்கு என்று
முந்தின நாள்தான் படித்திருந்தேன்.
டிரையர் சவரிராஜ் அண்ணன் "ஏ புள்ள" என்பார்,
மேனேஜர் "ஏம்மா",
லாரிக்காரர்களிடம் அதுகூட இல்லை, விசில்தான்.
இந்தக் கூரைக்குக் கீழே என்னை
"ங்கள்" போட்டுக் கூப்பிட்ட முதல் ஆள்.
காத்திருந்தேன்.
ஏழு நிமிஷம். தானாக ஓடியது.

நாற்பத்தொன்றாம் நாள் வந்தது மிஷ்.
கண்ணால் பார்க்காததைச் சொல்லும்போது
வினைச்சொல்லின் முடிவில் ஒட்டுவது.
இங்கிலீஷில் அதை விளக்க
ஆப்புக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டது,
அப்புறமும் திருப்தியில்லாமல் இன்னொரு பக்கம்.

விடிந்ததும் ஷிப்டுக்கு வந்த போஜராஜ்
குரங்குக் குல்லாயைக் கழற்றாமலே ஆரம்பித்தான்:
ரேஷன் கடைக் கதவைப் பேத்துட்டு
கரடி வந்துச்சாம்,
பாமாயில் பாக்கெட்டா எடுத்துக் குடிச்சுச்சாம்.
நீ பார்த்தியா?
நான் எங்க பார்த்தேன்.

அயு கெல்மிஷ், என்றேன்.
பாமாயில் இச்மிஷ்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
சுவிட்சைப் போடப் போனான்.

ஆப்பிலும் அதே வாக்கியம் கேட்டது.
இறங்கவில்லை, ஏறவில்லை,
கை போன போக்கில் தமிழிலேயே அடித்தேன்:
கரடி வந்ததாம்.
தவறு என்று திரை சிவந்தது.
மூன்று இதயத்தில் ஒன்று உடைந்து விழுந்தது.

பரவாயில்லை.
இன்னும் இரண்டு வார்.