கழித்தல்

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் காலை நாலரை.
ஜக்கையன் வண்டியின் சீட்டுக்கு அடியில்
பழைய போன் ஒன்றைச் செல்லோடேப் சுற்றி
ஒட்டிக்கொண்டிருக்கிறோம் நானும் நஸ்ரினும்.
மூன்றாம் ஆண்டு விடுமுறைக்குக் கிடைத்த ஆராய்ச்சி:
'தோட்டத் தொழிலாளர் பயணப் பாதுகாப்பு,
ஓர் இயந்திரக் கற்றல் அணுகுமுறை.'
எட்டு வாரம். உதவித்தொகை உண்டு.
தலைப்பைச் சொன்னதும்
தூக்குவாளி மூடியை இறுக்கியபடி
"யாருக்குப் பாதுகாப்பு?" என்றார் ஒச்சம்மாக்கா.

மெட்டு ஏற ஏற
போன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது.
வளைவில் சாய்ந்த அளவு,
பிரேக்கின் உதறல்,
தூக்கத்தில் யாரோ இடித்த முழங்கால்கூட
ஒரு சின்னக் கோடாக.
செக்போஸ்ட் தாண்டியதும்
மலையாளத்தில் வரவேற்று ஒரு குறுஞ்செய்தி.
யாரும் படிப்பதில்லை.
உள்ளே பதினைந்து பேர், பின்படியில் இருவர்.

ஐந்தாம் வாரம் மாடல் தேறிவிட்டது.
ஆளை எண்ணாமலே
ஆட்டத்தை வைத்தே சொன்னது, பாரம் அதிகமென்று.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரி.
சார் போனில் சிரித்தார்,
போக்குவரத்துத் துறையில் ஆள் தெரியும் என்றார்.

அன்று இறங்கும்போது சொன்னோம், பெருமையாகத்தான்.
"எட்டுப் பேருதான்னு ஆகிப்போச்சுன்னா
ஒம்பது பேரு ஸ்டாண்டுலயே நிப்போம்.
எந்த ஒம்பதுன்னு
ஒங்க மிசினு சொல்லுமா,
ஜக்கையன் சொல்லுவானா?"
ஜக்கையன் கியரை மாற்றினான்.
வண்டி கவிழும் என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல.
போன வருசம் கவிழ்ந்ததில்
அவர் தங்கச்சி பின்படியில் நின்றிருந்தாள்.
அதைச் சொன்னது அக்கா அல்ல,
சின்னவீரு, தனியாக, டீக்கடையில்.

மெடிக்கல் கடை மாடியில் எங்கள் அறை.
'வண்டி எண்' என்ற பத்தியை நான் அழித்தேன்.
நஸ்ரின் மீட்டாள்.
"அடுத்தது கவிழ்ந்தா?"
பதில் இல்லாமல் மறுபடி அழித்தேன்.
அவள் விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அக்காதான் கேட்டார்:
"எத்தன மணிக்கு ஏறுனோம், எறங்குனோம்னு
அதுல இருக்குமா?"
இருந்தது, நொடி சுத்தமாக.
மழை பிடித்த மூன்று நாளும்
சூப்பர்வைசர் குரியாக்கோஸ் போட்டது அரைநாள்.
வண்டி தோட்டத்தைவிட்டுக் கிளம்பியதோ
மூன்று நாளும் நாலு மணிக்கு மேல்.

இதற்கு மாடல் எதற்கு?
ஒரு கழித்தல் போதும்.
பதினோரு வரியில் எழுதி
நஸ்ரின் குரலில் பேசவைத்தோம்.
சனிக்கிழமை சம்பள மேசையில்
போன் நாள்வாரியாகச் சொல்ல
வரிசை முழுக்க நின்று கேட்டதாம்.
மூன்றில் இரண்டு அரைநாள் திரும்பி வந்தது.
மூன்றாவதற்கு
"மிசினுக்கு மழ தெரியுமோ?" என்றானாம்.

ஆகஸ்டில் கல்லூரி அரங்கில் போஸ்டர்.
பார்வையாளர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"வண்டி எண் ஏன் இல்லை?" என்றார்.
சார் எங்களைப் பார்த்தார்.
நாங்கள் தொண்ணூற்றொன்றைக் காட்டினோம்.
கழித்தலுக்குப் போஸ்டரில் இடம் இருக்கவில்லை.

போனைத் திரும்பக் கேட்கவில்லை.
இன்று காலை ஆறு பத்துக்குக் கோப்பு வந்தது.
நாலாம் வளைவில்
கோடு வழக்கத்தைவிடக் கூடச் சாய்ந்து,
கொஞ்ச நேரம் அப்படியே நின்று,
நிமிர்ந்திருக்கிறது.