தலைக்கு ஒன்று

மருத்துவப் படகை நிறுத்துகிறார்கள்.
ஆகஸ்டோடு சரி.
கடிதமாகவே அனுப்பியிருக்கலாம்.
பூடோ அலுவலகத்திலிருந்து தோருன் நேரில் வந்தாள்,
என் படகிலேயே,
வழியெல்லாம் வாந்தியெடுத்தபடி.

தீவில் நாற்பத்தொரு பேர்.
ஆடு குட்டி போடுகிறதென்று ஒட்லைஃப் மட்டும் வரவில்லை.

படகு தின்னும் பணத்தில்
கரையில் இரண்டு ஆம்புலன்ஸ் ஓடும், என்றாள்.
பத்து வருஷத்தில்
இங்கே மூன்றரை உயிர் பிழைக்கும்.
அங்கே பதினொன்று.

"மூன்றரையில் அந்த அரை யாரு?"
கேட்டது எய்விண்ட், அவள் தம்பி.
ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பிக்கும் ஒன்று,
முகம் தெரியாதவனுக்கும் ஒன்று,
மந்திரிக்கு ஒன்றேகால் கிடையாது, என்றாள்.
நல்ல மனசா கெட்ட மனசா என்பதல்ல,
என்ன விளைகிறது, எத்தனை பேருக்கு,
அதை வைத்துத்தான் சரியும் தப்பும்.
சொல்லிவிட்டு
காபியில் நாலாவது சர்க்கரைக் கட்டியைப் போட்டாள்.

"படகு எப்பவும் இருக்கும்னு வாக்குக் கொடுத்தீங்களே,
அதை நம்பித்தானே இங்கே பிள்ளை பெத்தோம்,
அதுக்கு என்ன எடை?"
போர்ஹில்ட் கேட்டதை
தோருன் நிஜமாகவே எழுதிக்கொண்டாள்:
வாக்கு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
நம்பிக்கை போவதும் நஷ்டம்தான்,
அதையும் கூட்டத்தான் வேண்டும், என்றாள்.
கூட்டினாலும் பதினொன்று பெரிதுதான் போல.

அன்றிரவு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து
இருபது வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்,
அவளைத் தோற்கடிக்க.
பனிக்குடம் உடைந்த மாரித்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பாதிரியார்.
தூண்டில் முள்ளைக் கண்ணில் வாங்கிய பையன்
(அவனைச் சேர்க்கக்கூடாது, கண்தானே போனது).
படகில்லாவிட்டால் செத்தே போயிருப்பார்கள் என்று
சத்தியம் செய்யக்கூடியவர்களை மட்டும் எண்ணினேன்.
ஐந்து பேர்.
பத்து வருஷத்துக்கு இரண்டரை.
எங்களுக்கு ஒன்று கூடவே போட்டிருக்கிறாள்.

மறுநாள் அவளைக் கொண்டுபோய் விட்டேன்.
இரண்டரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.
மடியில் தம்பி கொடுத்த காட் மீன்,
செய்தித்தாளில் சுற்றியது, மையெல்லாம் ஊறி.
இந்த முறை அவள் வாந்தியெடுக்கவில்லை.

என்னிடம் இருப்பது பெயர்கள்.
அவளிடம் இருப்பவர்களுக்குப் பெயரே இல்லை,
தாங்கள்தான் அந்தப் பதினொன்று என்று
செத்தாலும் தெரியாது,
சாகாவிட்டாலும் தெரியாது.

துறையில் கயிறு கட்டிவிட்டு
எதிரே வந்தவர்களை எண்ணினேன், சும்மா.
பதினோராவது ஒரு சின்னப் பெண்.
ஷூ லேஸ் அவிழ்ந்து இழுபட்டது.

பார்த்து நட, கட்டிக்கோ, என்றேன்.