முகவரி, இரண்டாம் வரி

கிருஷ்ணகிரி, லண்டன்பேட்டை.
டயர் கடைக்கு மேல்மாடி.
பழைய கடையிலிருந்து புதிய கடைக்கு
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேரை
விடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
அவர்களுக்குத் தெரியக்கூடாது,
தெரியாமல் இருப்பதுதான் வேலை என்றார் முனிரத்தினம் அண்ணன்.

கடை என்றால் கல்லாப்பெட்டி இல்லை, படிக்கட்டு இல்லை.
தராசு கீழே குடோனில் இருக்கிறது.
கடை என்பது இணையத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பக்கம்.
வாடகை ஏறிற்று.
அண்ணன் வேறு பக்கம் பார்த்துவிட்டார்.

மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு மாவு.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமை.
கொட்டை எடுத்த புளி, மூன்று மாதத்துக்கு ஒன்று.
பெயர், பின்கோடு, அடுத்த தேதி.
காற்புள்ளிகளுக்கு நடுவே ஒடுங்கி
பெங்களூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக
எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல்முறை ஏற்றியபோது தேதிகள் குப்புற விழுந்தன.
ஏப்ரல் மூன்று, மார்ச் நான்கானது.
நாற்பது பேருக்குப் 'பாக்கி' என்று செய்தி போகப் பார்த்தது.
தில்ஷாத் பாய்ந்து நிறுத்தினாள்.
அதற்குள் ஆறு பேருக்குப் போய்விட்டது.
அண்ணன் திட்டவில்லை. டீ சொன்னார்.
அதுதான் பயமாக இருந்தது.

கார்டு எண்கள் எங்களிடம் இல்லை, இருந்ததும் இல்லை.
டோக்கன் மட்டும்தான்,
கோவில் வாசலில் செருப்புக்குத் தரும் வில்லை மாதிரி.
அந்தக் கோவில் வில்லை இந்தக் கோவிலில் செல்லாது.
பெயர் போகும், ஊர் போகும், எத்தனை கிலோ என்பதும் போகும்.
சம்மதம் மட்டும் வண்டி ஏறாது.
அதை ஒவ்வொருவரிடமும் மறுபடி வாங்க வேண்டும்.

'முன்பு சரி என்றீர்கள்.
இன்னொரு முறை சரி என்பீர்களா?'

இந்த இரண்டு வரிக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம்.
மேலே 'அன்பார்ந்த' என்று போட்டிருந்தேன்.
எடுத்துவிட்டேன்.

கடைசிப் பத்தி, குறிப்பு.
புதிய கடையில் அப்படி ஒரு பத்தியே கிடையாது.
கேட்டோம். தேவையற்றதை விட்டுவிடலாம் என்று
பதில் வந்தது, ஒரு சிரிக்கிற முகத்தோடு.

அரக்கோணம் எத்திராஜுலு:
மணி அடிக்க வேண்டாம், குழந்தை தூங்கும்.
(சேர்ந்த வருஷத்தைப் பார்த்தேன்.
அந்தக் குழந்தை இப்போது
ஊரார் வீட்டு மணியை அடித்துவிட்டு ஓடும்.)
நாகர்கோவில் ஜெஸிந்தா:
மாவு கொஞ்சம் கொரகொரப்பாக.
ஓசூர் வரதப்பன்:
விலை ஒட்டாதீர்கள், அம்மா திருப்பி அனுப்பிவிடுவார்.
திருப்பூர், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஓர் எழுத்து:
போன் செய்யாதீர்கள். அவர்தான் எடுப்பார்.

தில்ஷாத்தான் கண்டுபிடித்தாள்,
முகவரியில் இரண்டாம் வரி பலருக்குக் காலி.
குழந்தை, கொரகொரப்பு, அம்மா
எல்லாவற்றையும் அங்கே குடிவைத்தோம்.
நாலு மணி.
அப்புறம்தான் உறைத்தது.
இரண்டாம் வரி அச்சாகிப் பெட்டிமேல் ஒட்டப்படும்.

மற்றவர்களுக்குப் பரவாயில்லை.
திருப்பூர்ப் பெட்டியில் அதை ஒட்டினால்
அவரே படிப்பார்.

அழித்தேன்.
அவள் எண் இருந்த இடத்தில் என் எண்ணைப் போட்டேன்.
இனி கூரியர்காரர் என்னைத்தான் கூப்பிடுவார்.
வாசலில் வைத்துவிட்டுப் போங்கள் அண்ணா,
என்பேன், அவள் வாசலைப் பார்க்காமலே.
தில்ஷாத் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

சையத் பாஷா மலையின் பாறை
ஜன்னலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.
ஆறரைக்கு எல்லோருக்கும் செய்தி போனது.
யாரோ ஒருவர் அந்த நேரத்திலேயே சரி என்றார்.
பிறகு இன்னொருவர்.

என் போன் அதிர்ந்தது.

முன்பு சரி என்றீர்கள்.
இன்னொரு முறை சரி என்பீர்களா?

கட்டைவிரல் பொத்தான்வரை போய்
நின்றது.
அவள் சரியை நான் எப்படி அமுக்குவது.

கீழே இறங்கி குடோனைத் திறந்தேன்.
இரண்டு கிலோ சாமை நிறுத்துக் கட்டி
லேபிள் ஒட்டாமல்
தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.