பழுப்பு ஏறாத இரண்டு

மெழுகுக் கட்டி, இலக்கம் 2217.
நாலு மைக்ரோன் கனத்தில் சீவி
வெந்நீர்த் தொட்டியில் விட்டால்
மடியாமல் மிதக்க வேண்டும்.
இரண்டு தரம் கரண்ட் போய்வந்த செவ்வாயில்
மூன்றாவது சீவலைத்தான்
கண்ணாடியில் ஏந்தினேன்.

இளையதம்பி குணநாயகம், ஐம்பத்துநாலு, களுவாஞ்சிக்குடி.
பெருங்குடல், வலப்பக்கம், இரண்டாம் நிலை.
எனக்குத் தெரிந்த அவர் இவ்வளவுதான்.

நாலு புரதம் தேட நாலு கண்ணாடி.
இருந்தால் கலத்தின் கரு பழுக்கும்,
பிளேன்டீ நிறத்தில்.
முதல் இரண்டில் ஏறிற்று.
மற்ற இரண்டில்
புற்றுக் கலங்கள் வெறும் நீலம்.
பக்கத்துச் சுகமான கலங்கள் பழுப்பாய் நின்று
சாயத்தில் பிழையில்லை என்று சாட்சி சொல்லின.
ஆனாலும் திரும்பச் செய்தேன்.
இல்லை என்று எழுத
உண்டு என்பதைவிட
ஒரு நாள் கூட வேண்டும்.

அறிக்கை போன ஒன்பதாம் நாள்
யன்னலில் ஒரு முகம்.
"மகள், பக்கத்துக் கட்டில் மனிசனுக்கு
ஊசி ஏத்துறாங்க.
எனக்குத் தேவையில்லையாம்.
கைவிட்டிட்டாங்களோ?"

விளக்கம் சொல்வது என் வேலையில்லை.
விரலிடுக்கில் நீளமாய் மடித்த நோட்டுகள் இருந்து பழகிய
ஒரு வளைவு அவர் கையில்.
"என்ன வேலை ஐயா?"
"மட்டக்களப்பு–கல்முனை பஸ். கண்டக்டர்.
இருபத்தாறு வருசம்."

சொல்லிவிட்டேன்.
கலம் தன்னைப் பிரதியெடுக்கும்போது
பிழை பார்க்க ஏறுகிற செக்கர்கள் நாலு பேர்.
உங்கட கட்டியில ரெண்டு பேர் ஏறவேயில்லை.
அப்படியான கட்டிக்கு, இந்த நிலையில,
அந்த ஊசி தனிய நிண்டு பெரிசா உதவாது.
வெட்டி எடுத்ததே காணும் எண்டுதான் விட்டிருக்காங்க.
திரும்பி வாறதும் குறைவு.

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"செக்கர் ஏறாத பஸ்ஸில கள்ளத்தனம் கூடத்தானே?"
"கூடத்தான்."
"கூடிப்போனா சனத்துக்கே விளங்கிடும்.
சனமே பிடிச்சு இறக்கிவிடும்."
புத்தகத்தில் எதிர்ப்புக் கலங்கள் பற்றி
மூன்று பக்கம் படித்தது எனக்கு.

போகத் திரும்பினவர் நின்றார்.
கடிதத்தின் கடைசி வரியில் விரல்.
பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்து வரவும்.
"தம்பி ஒருத்தன் நாப்பத்தொண்டில போனவன்.
இதே வயித்துக்குத்து."
நான் கேட்கவில்லை.
"ரெண்டும் பொம்பிளப் பிள்ளைகள்.
சின்னவளுக்கு வாற மாசம் சோதினை."

சோதினை முடியட்டும் என்று
அவர் சொன்னாரா, நான் சொன்னேனா.

தொட்டியில் வேறு யாரோ ஒருவரின் சீவல்
ஓரத்தில் மடியத் தொடங்கியிருந்தது.